முதல் டிஎஸ்எல்ஆர் கமரா: 'எம்' வேண்டாம், லென்ஸும் வேண்டாம், முதலில் இதைப் பழகுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். கனடாவில் இருக்கும் அக்கா தான் பாவித்த கெனன் டிஎஸ்எல்ஆர் கமராவை 18-55 மிமீ லென்ஸுடன் உங்களுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதில் எடுத்த படங்களைவிடக் கைத்தொலைபேசிப் படங்களே பளிச்சென்று இருக்கின்றன. கமராவில் பழுதா, 50 மிமீ லென்ஸ் வாங்கினால் சரியாகுமா, நண்பர்கள் சொல்வதுபோல் முதல் நாளிலிருந்தே 'எம்' என்ற முழுக் கைமுறையில்தான் பழக வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

கமராவில் பழுது இருக்க வாய்ப்பில்லை. லென்ஸ் இப்போது வேண்டாம். 'எம்' பற்றி உங்கள் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தொலைபேசிப் படம் அழகாகத் தெரிவதற்குக் காரணம் அதன் லென்ஸ் அல்ல, அதற்குள் இருக்கும் கணினி. நீங்கள் ஒரு தடவை தொடுகிறீர்கள். அது அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது, வானத்தைத் தணிக்கிறது, நிழலைத் தூக்குகிறது, நிறத்தைக் கூட்டுகிறது. டிஎஸ்எல்ஆர் ஒரே ஒரு தடவை திறந்து மூடும். வந்த ஒளி வந்தபடியே பதிவாகும். தொலைபேசி உங்களைக் கேட்காமல் எடுத்துவிடும் முடிவுகளை இங்கே நீங்கள் எடுக்க வேண்டும். பச்சைச் சதுரம் போட்ட தானியங்கி முறையில் வைத்துக்கொண்டு அந்த முடிவுகளையும் கமராவிடமே விட்டால், தொலைபேசியிடம் தோற்கத்தான் செய்வீர்கள்.

படம் எடுக்கப் போகும் முன் ஒரு சின்ன வேலை. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில் சிறிய சில்லு ஒன்று இருக்கும். அது பார்ப்பவரின் கண் பார்வைக்கு ஏற்பத் திருப்புவதற்கு. இப்போது அது உங்கள் அக்காவின் கண்ணுக்கு ஏற்றபடி இருக்கும். உள்ளே தெரியும் எண்களும், கமரா எதைக் கூர்மையாக்குகிறது என்று காட்டும் குவியப் புள்ளிகளும் கூர்மையாகத் தெரியும்வரை அதைத் திருப்புங்கள். வெளிக்காட்சியைப் பார்த்துத் திருப்பக் கூடாது, எண்களைப் பார்த்தே திருப்ப வேண்டும். 'எல்லாமே மங்கலாகத் தெரிகிறது' என்று என்னிடம் கமராவைக் கொண்டுவந்தவர்கள் சிலரின் குறை இந்தச் சில்லோடு தீர்ந்துபோனது.

அடுத்து, மேலே இருக்கும் வட்டத்தை 'ஏவி' என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். நிக்கோன் வைத்திருப்பவர்களுக்கு அது வெறும் 'ஏ'. இந்த முறையில் லென்ஸின் உள்ளே திறந்து சுருங்கும் துளையின் அளவை, அதாவது அபெர்ச்சரை, நீங்கள் தீர்மானிப்பீர்கள். ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கமரா கணக்குப் பார்த்துக்கொள்ளும். அபெர்ச்சரை எஃப்/8இல் வையுங்கள். ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, தானியங்கியில் விட்டு, அதன் உச்ச வரம்பை 1600 என்று வையுங்கள். குவியப் புள்ளிகளில் நடுப் புள்ளியை மட்டும் தெரிவு செய்யுங்கள். பல தொடக்கநிலைக் கமராக்களில் 9 அல்லது 11 புள்ளிகள் இருக்கும். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் கமரா பெரும்பாலும் தனக்கு மிக அருகில் உள்ள பொருளைப் பிடித்துக்கொள்ளும். மானை எடுக்கப் போனவருக்கு முன்னால் இருக்கும் முள்வேலி கூர்மையாகக் கிடைக்கும். நடுப் புள்ளியை எடுக்க வேண்டியவரின் கண்ணில் வைத்து, பொத்தானைப் பாதி அமத்திப் பிடித்து, அப்படியே சட்டகத்தை நகர்த்தி, பிறகு முழுதாக அமத்துங்கள்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குத் தான் எதைப் பார்க்கிறோம் என்பது தெரியாது. எடை மட்டும் தெரிந்த தராசு அது. தட்டில் இருப்பது பொன்னா புளியா என்று அதற்குத் தெரியாது. எந்தக் காட்சியைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிற அளவுக்கு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று நினைத்தே கணக்குப் போடும். தெருவும் மரமும் வீடும் கலந்த சாதாரணக் காட்சிக்கு இந்தக் கணக்கு சரிவரும். எங்கள் திருகோணமலையின் நிலாவெளி மணலுக்குச் சரிவராது. வெள்ளை மணலும் பளபளக்கும் கடலும் சட்டகத்தை நிறைத்தால், 'இது அளவுக்கு மீறிய வெளிச்சம்' என்று நினைத்துக் கமரா ஒளியைக் குறைக்கும். மணல் அழுக்குச் சாம்பலாகும், முன்னால் நிற்கும் தங்கையின் முகம் கறுக்கும். கோணேசர் கோயிலுக்கு வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக வரும் அடியார் கூட்டத்தை எடுத்தாலும் இதே கதைதான். நீங்கள் அனுப்பிய இரண்டு கடற்கரைப் படங்களும் இருண்டு போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இதற்கு மருந்து, கூட்டல் கழித்தல் குறிகள் போட்ட அந்தச் சின்னப் பொத்தான். அதை அமத்திப் பிடித்துக்கொண்டு சுட்டுவிரலுக்கு அருகில் உள்ள சில்லைத் திருப்புங்கள். வியூஃபைண்டரின் அடியில் ஒரு அளவுகோலில் கோடு நகர்வது தெரியும். வெள்ளை மணலுக்கு ஒரு படி, அதாவது கூட்டல் 1. வெளுத்த வானத்துக்கு முன்னால் நிற்கும் ஒருவரின் முகம் தெரிய வேண்டுமென்றால் கூட்டல் 1 அல்லது ஒன்றரை. எதிர்ப்பக்கமும் உண்டு: எண்ணெய்ப் பளபளப்புடன் இருக்கும் கருங்கல் சிலையோ, தார் பூசிய வள்ளத்தின் பக்கவாட்டோ, மதில் மேல் காகமோ சட்டகத்தை நிறைத்தால் கமரா அதைத் தேவையில்லாமல் வெளிறவைக்கும்; அங்கே கழித்தல் 1. விடிகாலையில் டச் பே கடற்கரையில் சூரியனுக்கு எதிரே நிற்கும் மீனவரை நிழலுருவாக எடுக்க வேண்டுமா, கழித்தல் 1 தொடங்கி 2 வரை இறக்கிப் பாருங்கள். வானத்தின் நிறம் ஊறி வரும், ஆள் கறுப்பாக நிற்பார்.

வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் கழி என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். வெளிச்சமான இடத்தில் ஒளியைக் கூட்டுவதா என்று மனம் தடுக்கும். கமராவின் தவறான கணக்கைத் திருத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டால் தடுமாற்றம் போய்விடும். சரியாக வந்ததா என்பதைப் பின்திரையின் பிரகாசத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். நடுப்பகல் வெயிலில் அந்தத் திரை எதையும் உண்மையாகக் காட்டாது. படத்தைப் பார்க்கும்போது தகவல் பொத்தானை அமத்தினால் மலை வடிவ வரைபடம் ஒன்று வரும். அதன் வலது விளிம்பில் மேடு மோதி நின்றால் வெள்ளைப் பகுதிகள் எரிந்துபோயின என்று பொருள். எரிந்த இடங்கள் படத்தில் மினுங்கியும் காட்டும். சூரியனும் அலையில் தெறிக்கும் ஒளியும் எரிந்தால் கவலையில்லை. வேட்டியின் மடிப்புகள் காணாமல் போகும்படி எரிந்தால் அரைப் படி குறையுங்கள்.

ஒரு வாரத்துக்கு இந்த ஒரு பொத்தானை மட்டும் பழகுங்கள். ஒரே காட்சியைக் கழித்தல் 1, சுழியம், கூட்டல் 1 என்று மூன்று விதமாக எடுத்து, இரவில் வீட்டில் ஒப்பிடுங்கள். 'எம்' வேண்டாம் என்று நான் சொல்வதன் காரணம் இப்போது புரியும். கைமுறையில் தொடங்குபவர்கள் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்ற மூன்று எண்களையும் திருப்பி, வியூஃபைண்டருக்குள் இருக்கும் அதே அளவுகோலின் கோட்டை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அந்த நடுக்கோட்டைச் சொல்வதும் அதே சாம்பல் கணக்குப் போடும் ஒளிமானிதான். கமரா ஒரு நொடியில் செய்த பிழையை அவர்கள் அரை நிமிடம் பாடுபட்டுச் செய்கிறார்கள்; அதற்குள் மான் போய்விடுகிறது.

மான் என்றதும் அபெர்ச்சருக்கு வரலாம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் செல்கிறது. அங்கே திரியும் புள்ளிமான்கள் மனிதருக்குப் பழகியவை. பெரிய லென்ஸ் இல்லாமலே இரண்டு மூன்று மீற்றர் வரை நெருங்கலாம். தீனி காட்டி அழைக்க வேண்டாம், பொலித்தீன் உறையை அறவே காட்ட வேண்டாம், அதையும் அவை தின்னும். அபெர்ச்சர் எண் சிறிதானால் துளை பெரிது, எண் பெரிதானால் துளை சிறிது. காரணம் எளிது: எஃப்/4 என்றால் லென்ஸின் குவியத் தூரத்தில், அதாவது அந்த மிமீ எண்ணில், நான்கில் ஒரு பங்கு. 50 மிமீ லென்ஸில் அது 12.5 மிமீ அகலத் துளை. எஃப்/8 என்றால் 6.25 மிமீ. துளை பெரிதானால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும், பின்னணி கரையும்.

உங்கள் லென்ஸ் 18 மிமீயில் எஃப்/3.5 வரை திறக்கும், 55 மிமீயில் எஃப்/5.6 வரைதான். அதனால் பின்னணி கரையாது என்று கைவிட வேண்டாம். 55 மிமீக்கு இழுத்து, எஃப்/5.6 வைத்து, மானுக்குக் கிட்டப் போய், மானுக்குப் பின்னால் இருபது மீற்றராவது வெறுமையாக இருக்கும்படி நில்லுங்கள். ஆலமரத்தடியில் படுத்திருக்கும் மானை மரத்தோடு ஒட்டி எடுத்தால் எந்த லென்ஸாலும் மரத்தைக் கரைக்க முடியாது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் போதும். மலை, கடல், கோபுரம் எல்லாம் முழுக்கத் தெளிவாக வேண்டுமென்றால் எஃப்/8, எஃப்/11 போதும். எஃப்/22க்குப் போனால் ஒளி விளிம்பு வளைந்து முழுப் படமும் மென்மையாகிவிடும். பத்திரகாளி அம்பாள் கோயில் கோபுரத்தை அடியில் நின்று 18 மிமீயில் அண்ணாந்து எடுத்தால் அது பின்னோக்கிச் சாய்ந்ததுபோல் வரும். தூரப் போய், லென்ஸை நீட்டி எடுங்கள்.

ஷட்டர் வேகத்தைப் பழகுவதற்கு, மீனவர் கரையில் நின்று பெரிய வலையை இழுக்கும் கரைவலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அதற்கு வட்டத்தை 'டிவி'க்குத் திருப்புங்கள், நிக்கோனில் 'எஸ்'. இன்னும் கையால் வலை இழுக்கும் இடங்களில் நொடியில் 500இல் ஒரு பங்கு வைத்தால் கயிறு, தசை, முகம் எல்லாம் உறையும். தெறிக்கும் நீர்த்துளியும் உறைய வேண்டுமானால் 1000இல் ஒரு பங்கு. பிறகு 30இல் ஒரு பங்குக்கு இறக்கிப் பாருங்கள். கால் ஊன்றியவர் நிற்க, இழுக்கும் கைகள் ஓடும். அம்பா பாடி இழுப்பவர்களின் உடல் ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் ஒரு கணம் அசையாமல் நிற்கும். பாட்டைக் கவனித்தால் அந்தக் கணம் முன்கூட்டியே தெரிந்துவிடும், மங்கிய வெளிச்சத்தில் மெதுவான ஷட்டரிலும் முகம் கூர்மையாகக் கிடைக்கும். கையில் பிடித்து எடுக்கும்போது, லென்ஸ் 55 மிமீயில் இருந்தால் 100இல் ஒரு பங்குக்குக் கீழே போகாமலிருப்பது நல்லது. லென்ஸில் நடுக்கந் தடுக்கும் வசதி இருந்தால் இன்னும் இறங்கலாம். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே தடுக்கும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. ஓடுகிற பிள்ளைக்கும் பறக்கிற பருந்துக்கும் குவிய முறையை 'ஏஐ சர்வோ' என்று மாற்றிக்கொள்ளுங்கள், நிக்கோனில் அது 'ஏஎஃப்-சி'.

ஐஎஸ்ஓ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டினால் படத்தில் மணி மணியாகப் புள்ளிகள், அதாவது இரைச்சல், வரும், கூட்டாவிட்டால் படம் அசைந்து மங்கும். இரைச்சல் உள்ள படத்தைப் பார்க்கலாம், அசைந்த படத்தைப் பார்க்க முடியாது. மாலைத் திருவிழா வெளிச்சத்தில் தயங்காமல் 3200 வரை போங்கள்.

இந்த ஊரில் கமரா பழகுபவருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். காலையில் டச் பேயிலோ உப்புவெளியிலோ கடலில் சூரியன் எழுவதை எடுத்துவிட்டு, அன்று மாலையே உட்துறைமுக வீதியில் நின்று, தண்ணீருக்கு அப்பால் உள்ள மலைகளின் பின்னால் அது விழுவதையும் எடுக்கலாம். ஆனியில் சூரியன் வடகிழக்கை ஒட்டியும் மார்கழியில் தென்கிழக்கை ஒட்டியும் உதிக்கும். ஆகவே கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைப் பாறையையும் சூரியனையும் ஒரே சட்டகத்தில் கொண்டுவர விரும்பினால் மாதத்தைப் பார்த்து நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும். நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில்தான் இருக்கிறோம். சூரியன் செங்குத்தாக ஏறிவிடும், நல்ல ஒளி ஒரு மணித்தியாலம்கூட நில்லாது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், முகத்தை எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழிகள்தான் வரும். அந்த நேரத்தில் ஆளை நிழலுக்கு அழையுங்கள். முடியாவிட்டால் கமராவோடு இருக்கும் சின்ன ஃபிளாஷைத் திறந்து மிக அருகில் நின்று எடுங்கள். பலர் நினைப்பதற்கு மாறாக அந்த ஃபிளாஷ் இரவைவிட உச்சி வெயிலில்தான் உதவும். மழைக்காலத்தில் கமராவை மூடி வைத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மேக மூட்டத்தில் விழும் மெல்லிய ஒளி முகங்களுக்கு மிக நல்லது.

ஒரு எச்சரிக்கை. டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் தெரிவது திரை அல்ல. லென்ஸ் வழியே வந்த ஒளி உள்ளே உள்ள கண்ணாடியில் பட்டு நேராக உங்கள் கண்ணுக்கு வருகிறது. கடல் விளிம்பை விட்டு மேலேறிய சூரியனை அதன் வழியே பார்க்கக் கூடாது, நீண்ட லென்ஸில் பார்ப்பது இன்னும் ஆபத்து. கண் போய்விடும்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதும் இந்த ஊரில் தெரிந்திருக்க வேண்டும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை. காவலரண், வாயில், கப்பல்துறைப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். தொலைபேசியை யாரும் கவனிக்கமாட்டார்கள், கழுத்தில் தொங்கும் கறுப்புக் கமராவை எல்லோரும் கவனிப்பார்கள். சந்தேகமாக இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். கோயிலில் மூலஸ்தானத்தை எடுப்பதில்லை. வெளி வீதியில் எடுப்பதற்கும் ஐயரிடமோ நிர்வாகத்தாரிடமோ ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. கரைவலையில் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேளுங்கள். கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் சும்மா நின்று, முடிந்தால் கயிற்றில் ஒரு கை கொடுங்கள். அதன் பின் யாரும் கமராவைப் பார்த்து முறைக்கமாட்டார்கள், அதுவரை எடுத்த படங்கள் எல்லாம் எதற்கு என்று தோன்றும்படி படங்கள் வரும்.

உப்பும் ஈரமும் இங்கே கமராவின் எதிரிகள். கடற்கரையில் லென்ஸைக் கழற்ற வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதியும் மணலும் வரும், வாடை அடிக்கும்போது உப்புத் தூவானம் வரும். கழற்றியே ஆக வேண்டுமானால் கமராவை நிறுத்தி, காற்றுக்கு முதுகைக் காட்டி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் கமராவின் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். லென்ஸ் கண்ணாடியில் மணல் இருந்தால் துடைக்கவே கூடாது, முதலில் ரப்பர் ஊதியால் ஊதிவிடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ வெளியே எடுத்தவுடன் கண்ணாடியில் நீர் படியும். பையை மூடியபடியே அரை மணித்தியாலம் வெளியில் வைத்துவிட்டுத் திறந்தால் படியாது.

தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதுதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் சிலிக்கா ஜெல் பைகளும் போதும். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்பது தெரியும். அரிசிக்குள் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதன் தூள் கமராவின் இடுக்குகளில் போய் அடையும்.

'எம்' எப்போது தேவைப்படும் என்றால், ஒளி மாறாமல் பின்னணி மட்டும் மாறும்போது. மேடையில் பரதம் ஆடும் பிள்ளைமேல் விழும் விளக்கு ஒன்றுதான். ஆனால் பின்னால் கறுப்புத் திரை வந்தால் ஒரு கணக்கு, வெள்ளைத் திரை வந்தால் இன்னொரு கணக்கு என்று ஒளிமானி அலையும். அங்கே ஒரு தடவை சரியாக வைத்துவிட்டு மறந்துவிடலாம். இரவில் முக்காலியில் நிறுத்தித் துறைமுக விளக்குகளை எடுப்பதற்கும், வாணவேடிக்கைக்கும் அதுவே வசதி. கூட்டல் கழித்தல் பொத்தானைக் கை தன்னால் தேடும் நிலை வந்ததும் இதற்குப் போங்கள்; ஒரு மாலையில் பிடிபட்டுவிடும்.

லென்ஸ் விடயத்துக்குக் கடைசியாக வருகிறேன். இப்போதைய லென்ஸில் மூன்று நான்கு மாதம் எடுத்த பிறகு, உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் பிரித்து, அவை எந்த மிமீயில் எடுக்கப்பட்டன என்று பாருங்கள். அந்தத் தகவல் படத்தோடு பதிவாகியிருக்கும். பெரும்பாலும் 50ஐ ஒட்டி வீட்டு மனிதர்களையும் மாலை வெளிச்சத்தையும் எடுத்திருந்தால் 50 மிமீ எஃப்/1.8 வாங்குங்கள். எப்போதும் 55இல் முட்டிக்கொண்டு 'இன்னும் கிட்ட வராதா' என்று தவித்திருந்தால் 55-250 மிமீ வாங்குங்கள். 18இலேயே நின்றிருந்தால் பணத்தைச் சேமியுங்கள், அல்லது ஒரு நல்ல முக்காலிக்குச் செலவிடுங்கள். டிஎஸ்எல்ஆரை விட்டு வேறு வகைக் கமராவுக்குப் பலர் மாறிக்கொண்டிருப்பதால், பாவித்த லென்ஸ்கள் மலிவாக வருகின்றன. வாங்கும்போது இரு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கத்தில் கைவிளக்கை அடித்து மறுபக்கத்தால் சாய்வாகப் பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. கிளை பிரிந்த மெல்லிய வெள்ளை நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். பாதி விலைக்குத் தந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மற்ற லென்ஸ் இருக்கும் பெட்டிக்குள் அதைக் கொண்டுபோக வேண்டாம்.